வெயில் நாட்டில் நிதானம்

1768 ஏப்ரலில் பிரெஞ்சுக் கடற்பயணி லூயி அந்துவான் தெ பூகன்வில் தாஹித்தித் தீவின் கிழக்குக் கரையில் நங்கூரமிட்டார். அவர் தங்கியது பத்து நாட்களுக்கும் குறைவு. பவளப் பாறையில் உரசி நங்கூரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பறிபோயின. தண்ணீரும் காய்கனியும் ஏற்றி முடிப்பதற்குள் கப்பல் தப்புமா என்ற பதற்றத்திலேயே பொழுது போயிற்று. ஆனால் 1771இல் வெளிவந்த அவருடைய பயண நூலிலிருந்து ஐரோப்பிய வாசகர் எடுத்துக்கொண்டது வேறொரு படத்தை: அவசரம் அறியாத மனிதர்கள், தானாகக் காய்த்துத் தரும் மரங்கள், நிழலிலேயே கழியும் பகல்கள். காதல் தெய்வம் பிறந்ததாகக் கிரேக்கர் நம்பிய தீவை நினைத்து, தாஹித்திக்குப் புதிய சித்தேரா என்று பெயரும் வைத்தார் அவர்.

அந்தப் படத்தைத் திருத்த ஒருவர் முயன்றார். அஹுத்தோரு என்ற தாஹித்திக்காரர் பூகன்விலுடன் கப்பலேறி பாரிஸ் வரை போனவர். தீவில் மேல்கீழ் உண்டு, போர் உண்டு, எளியவர்மீது கொடுமையும் உண்டு என்று வழியில் அவர் சொன்னதைப் பூகன்வில் தம் நூலிலேயே பதிவு செய்திருக்கிறார். அஹுத்தோரு ஊர் திரும்பும் வழியில் பெரியம்மையால் இறந்தார். அவருடைய திருத்தம் பெரும்பாலும் மறக்கப்பட்டது. நிழலும் பழமும் நிறைந்த படம்தான் நிலைத்தது.

இன்றைக்கு ஒரு மாத விடுப்பு எடுத்துக்கொண்டு இலங்கையின் தென்கரைக்கோ பாலிக்கோ கோவாவுக்கோ வந்து இறங்குபவர் தேடுவதும் ஏறத்தாழ அதே படத்தைத்தான். காலையில் கடல், பகலில் தூக்கம், மாலையில் நடை. இத்தனை இடம் பார்க்க வேண்டும் என்ற பட்டியல் இல்லாத நாட்கள். இந்த மெல்லிய வாழ்க்கை மனிதரை உண்மையில் இளைப்பாற்றுகிறதா? ஆற்றுகிறது என்றால் அதைச் செய்வது வெயிலா, கடலா, விடுப்பின் நீளமா, வேலை இல்லாமையா, அல்லது பக்கத்தில் நின்று வேலை செய்யும் வேறொருவரா? இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பலர் பல பதில்களைச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றுகூட முழுதாகப் பொய்த்துவிடவில்லை. எந்த ஒன்றும் தனியாகப் போதுமானதாகவும் இல்லை.

நோயும் மருந்தும் ஒரே வெயில்

வெப்பம் மனிதரை மந்தமாக்கும் என்பது மிகப் பழைய பதில். 1748இல் வெளியான மொந்தெஸ்கியோவின் 'சட்டங்களின் ஆன்மா' அதற்கு ஓர் அறிவியல் சாயம் பூசியது. ஆட்டு நாக்கொன்றைக் குளிரில் உறையவைத்து அதன் மேற்பரப்பு சுருங்குவதைப் பார்த்த அவர், குளிர் நாட்டவர் உறுதியானவர், வெப்ப நாட்டவர் தளர்ந்தவர் என்ற முடிவுக்கு வந்தார். ஒரு நாக்கிலிருந்து உலக மக்கள் அனைவருக்கும் தாவிய இந்த வாதம் வியக்கத்தக்க அளவு நீண்ட காலம் செல்வாக்கோடு இருந்தது. 1915இல் அமெரிக்கப் புவியியலாளர் எல்ஸ்வர்த் ஹன்டிங்டன் எழுதிய 'நாகரிகமும் காலநிலையும்' அதே கருத்தை வரைபடங்களோடு முன்வைத்தது.

ஆட்சியாளர்கள் இதைச் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டியும் காட்டினார்கள். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரி ஏறினார். பிறகு ஊட்டி சென்னை மாகாண அரசின் கோடைத் தலைநகரானது. இலங்கையில் 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியா அதே வேலையைச் செய்தது. வெப்பமண்டலத்தில் இருந்த ஐரோப்பியருக்கு இளைப்பாறுதல் என்றால் சமவெளியை விட்டு மேலே ஏறுவது. கடற்கரை வெயிலில் கிடப்பது அன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவர்கள் 'வெப்பமண்டல நரம்புத் தளர்ச்சி' என்றே ஒரு நோய்க்குப் பெயர் சூட்டியிருந்தார்கள்.

அதே காலத்தில் ஹவாயின் வைக்கீக்கி கடற்கரையில் வேறொரு கதை தொடங்கிவிட்டது. 1901இல் மோவானா ஹோட்டல் திறந்தது. 1927இல் ராயல் ஹவாயியன். கப்பலில் வந்து வாரக்கணக்கில் தங்கிய அமெரிக்கருக்கு அதே வெயில் மருந்தானது. தட்பவெப்பம் மாறிவிடவில்லை. மாறியது வருபவரின் நிலை. அவர் குளிர்காலத்தில் விருந்தாளியாக வந்தார், திரும்பும் நாளைக் கையில் வைத்திருந்தார். ஒரே வெப்பம் அலுவல் பார்ப்பவருக்கு நோயாகவும் விடுப்பில் வந்தவருக்கு நலமாகவும் இருந்தது என்பதே காலநிலைக் கோட்பாட்டின் பெரிய ஓட்டை.

இன்னும் கடுமையான பதில் வெப்பமண்டலத்துக்குள்ளிருந்தே வந்தது. பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் ஹோசே ரிசால் 1890இல் மாட்ரிட்டிலிருந்து வந்த 'லா சொலிதாரிதாத்' இதழில் தம் மக்களின் சோம்பல் என்று சொல்லப்பட்டதைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். வெப்ப நாட்டில் உடம்புக்கு நிதானம் தேவை என்பதை அவர் ஒத்துக்கொண்டார். ஆனால் மக்களைச் சோர்வடையச் செய்தது வெயிலைவிட ஆட்சிதான் என்றார். உழைப்பின் பலன் பறிபோகும் என்று தெரிந்தவன் ஏன் உழைக்க வேண்டும் என்று கேட்டார். 1977இல் மலேசியச் சமூகவியலாளர் சையத் ஹுசைன் அலத்தாஸ் 'சோம்பேறிச் சுதேசி என்ற கட்டுக்கதை' நூலில் இந்த வாதத்தை விரித்தார். தம் வயலையும் படகையும் விட்டு அடிமட்டக் கூலிக்குத் தோட்டத்துக்கு வர மறுத்த மலாய்க்காரரைத்தான் குடியேற்ற ஆட்சி சோம்பேறி என்றது என்பது அவர் காட்டிய உண்மை. மறுத்தவர்களின் இடத்தில் தமிழகத்திலிருந்து ஆட்கள் கொண்டுபோகப்பட்டார்கள். இருள் பிரியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு வரிசையில் நின்ற அவர்களும் வாழ்ந்தது அதே வெயிலில்தான்.

இதனால் காலநிலைக்குப் பங்கே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. ராபர்ட் லெவீனும் ஆரா நொரென்சயானும் 1999இல் வெளியிட்ட ஆய்வு 31 நாடுகளின் பெருநகரங்களில் மூன்றை அளந்தது: மக்கள் நடக்கும் வேகம், அஞ்சல் ஊழியர் முத்திரை விற்கும் வேகம், வங்கிக் கடிகாரங்களின் துல்லியம். வெப்ப நாட்டு நகரங்கள் பெரும்பாலும் மெதுவாகவே இருந்தன. ஆனால் வேகமான நகரங்கள் பணக்கார நகரங்களாகவும் இருந்ததால் வெயிலின் பங்கு எவ்வளவு, பொருளாதாரத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம்.

உடலியல் சொல்வது இதைவிடத் தெளிவானது. குளிர் நாட்டிலிருந்து வந்தவரின் உடம்பு வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அதற்குள் வியர்வை சீக்கிரமாகவும் அதிகமாகவும் சுரக்கத் தொடங்குகிறது; ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது; அதே வேலைக்கு இதயம் முன்னைவிட மெதுவாகத் துடித்தால் போதுமானதாகிறது. அதனால் முதல் வாரத்தின் சோம்பலில் ஒரு பகுதி மனநிலையே அல்ல. உடம்பு தன்னை மாற்றிக்கொள்ளக் கேட்கும் அவகாசம் அது.

உள்ளூர்க்காரரின் நண்பகல் நிதானமும் பெரும்பாலும் தவறாகப் படிக்கப்படுகிறது. தூத்துக்குடி உப்பளத்தில் பாத்தி வேலை விடியுமுன் தொடங்கிவிடும். கட்டுமரக்காரர் வைகறையில் கடலுக்குள் இருப்பார். ஒன்பது மணிக்குக் காலை உணவுக்கு எழும் விருந்தாளி, பன்னிரண்டு மணிக்கு வேப்ப மர நிழலில் துண்டை விரித்துப் படுத்திருப்பவரைப் பார்க்கிறார். அந்த நாளின் முதல் பாதியை அவர் பார்க்கவே இல்லை. தான்சானியாவின் ஹட்சா, நமீபியாவின் சான், பொலிவியாவின் சிமானே மக்களின் உறக்கத்தைக் கருவிகளால் அளந்து 2015இல் வெளியான ஆய்வும் இந்த இடத்தில் நினைக்கத்தக்கது. அவர்கள் சராசரியாக இரவில் உறங்கியது 5.7 முதல் 7.1 மணி நேரம். பகல் தூக்கம் குளிர்காலத்தில் 7 விழுக்காட்டுக்கும் குறைவான நாட்களில், கோடையில் 22 விழுக்காட்டுக்கும் குறைவான நாட்களில் மட்டுமே. ஊஞ்சல் படுக்கையில் கிடக்கும் ஆதி மனிதர் பெரும்பாலும் நகரத்துக் கற்பனை.

கடற்கரை எப்போது இளைப்பாறும் இடமானது?

கடலோரம் இயல்பாகவே மனத்தை ஆற்றும் என்பது இன்று யாரும் கேள்வி கேட்காத நம்பிக்கை. அதற்கும் ஒரு பிறந்த தேதி இருக்கிறது. ஐரோப்பியரின் கடற்கரை ஆசையின் வரலாற்றை எழுதிய அலேன் கோர்பன், பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை கரை என்றால் அச்சமும் அருவருப்புமே மேலோங்கியிருந்தன என்கிறார். 1750இல் ரிச்சர்ட் ரசல் என்ற ஆங்கில மருத்துவர் கடல்நீரை மருந்தாகப் பரிந்துரைத்து நூல் எழுதினார். அதைத் தொடர்ந்து பிரைட்டன் குளியல் ஊராக வளர்ந்தது. அவர் சொன்னது குளிர்ந்த கடலை. வெதுவெதுப்பான கடலும் வெயிலும் இன்பமாக மாறியதற்கு இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

தமிழ் மரபில் கடற்கரைக்கு வேறு பொருள் இருந்தது. நெய்தலுக்குத் தொல்காப்பியம் தரும் சிறுபொழுது எற்பாடு; அதற்குரிய உணர்வு இரங்கல். பிரிந்து போனவர் வரவை எண்ணி ஏங்கும் இடம் அது. பொழுது சாயும் கடற்கரையில் தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு அந்த இலக்கணம் ஆறுதலை ஒதுக்கவில்லை. நண்பகலோ பாலைக்கு உரியது, வழிநடையின் துயரத்துக்கு உரியது. 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் சென்னையில் மெரினா நடைபாதையை அமைத்தபோது, கடலை நோக்கி உலாவப் போகும் பழக்கம் ஒரு நகரத்துக்குப் புதிதாகக் கற்பிக்கப்பட்டது. நூறாண்டுக்குள் அது எல்லோருக்கும் உரியதாகிவிட்டது. எனவே கடலின் ஆற்றும் தன்மை அலைக்குள் எப்போதும் இருந்தது என்பதைவிட, கற்று வந்த பழக்கம் என்று கொள்வதே ஆதாரத்துக்கு நெருக்கமானது.

நீண்ட நாள் தங்கிப் பார்த்தவர்கள்

பயணக் கனவை வளர்த்த மூன்று பேரின் வாழ்க்கை இந்த விவாதத்தில் அடிக்கடி எடுக்கப்படுகிறது. ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் நுரையீரல் நோயோடு பசிபிக் வந்து 1890இல் சமோவாவின் வைலிமாவில் நிலம் வாங்கினார். அங்கே 1894இல் இறக்கும்வரை காடு வெட்டினார், வீடு கட்டினார், ஊர் அரசியலில் சமோவர் பக்கம் நின்று வாதாடினார், இடைவிடாமல் எழுதினார். போல் கோகன் 1891இல் பப்பேத்தே வந்திறங்கி, ஊர் ஏற்கெனவே ஐரோப்பிய மயமாகிவிட்டதைக் கண்டு ஏமாந்தார். பணத் தட்டுப்பாடும் நோயும் அவரைக் கடைசிவரை விடவில்லை. 1903இல் மார்க்கீசாஸ் தீவுகளில் அவர் முடிவு நேர்ந்தது.

மூன்றாமவர் கதைதான் அதிகம் சொல்கிறது. ஜெர்மானிய ஓவியர் வால்டர் ஸ்பீஸ் 1927இல் பாலியில் குடியேறினார். உபுதுக்கு அருகே சம்புகானில் அவர் கட்டிய வீட்டுக்கு சார்லி சாப்ளின் முதல் மானிடவியலாளர் மார்கரெட் மீட் வரை வந்து போனார்கள். பாலி என்றால் அமைதி என்ற எண்ணத்தை உலகுக்குக் கொண்டுசென்றதில் அவர் பங்கு பெரிது. அந்தப் புகழ் அழைத்து வந்த கூட்டம் தாங்காமல் அவரே மலையடிவாரத்து இசே கிராமத்தில் இன்னொரு குடில் கட்டி ஒதுங்க நேர்ந்தது. இருபதாண்டுக்கு முன்புதான், 1906இலும் 1908இலும், டச்சுப் படையின் முன் பாலி அரச குடும்பங்கள் கூட்டமாக உயிர்விட்டன என்பது அந்த அமைதிப் படத்தில் இடம்பெறவில்லை.

மூவரின் அனுபவத்திலிருந்து பொதுவிதி எடுப்பது சரியல்ல. கலைஞர்கள் விடுமுறைக்காரர்கள் அல்லர். இருந்தாலும் ஒன்று படுகிறது: நீண்ட நாள் தங்கினால் இடம் விருந்தாளியின் இடமாக நிற்பதில்லை, அங்கேயும் வேலையும் வழக்கும் கடனும் வந்துவிடுகின்றன.

எத்தனை நாள் போதும்?

ஊதியத்தோடு விடுப்பு என்பது சட்டமான பிறகே இந்தக் கேள்வி கோடிக்கணக்கானவர்களின் கேள்வியானது. 1936இல் பிரான்ஸ் இரண்டு வார விடுப்பைச் சட்டமாக்கியது. அதே ஆண்டு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 52ஆம் உடன்படிக்கை ஆண்டுக்குக் குறைந்தது ஆறு வேலை நாட்கள் என்றது. 1970இல் 132ஆம் உடன்படிக்கை மூன்று வாரம் என்றது. இந்தியாவின் 1948 தொழிற்சாலைச் சட்டப்படி ஆண்டில் 240 நாள் உழைத்த தொழிலாளிக்கு, இருபது நாளுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் விடுப்பு கிடைத்தது. அதாவது 240 நாளுக்குப் பன்னிரண்டு. ஒரு மாதக் கடற்கரை வாழ்வு என்பது யாருக்குச் சாத்தியம் என்பதை இந்த எண்களே ஓரளவு சொல்லிவிடுகின்றன.

விடுப்பு உடலுக்கும் மனத்துக்கும் என்ன செய்கிறது என்று அளக்க முயன்ற ஆய்வுகள் கடந்த முப்பது ஆண்டுகளில் பெருகின. முடிவுகள் எதிர்பார்ப்பைவிட அடக்கமானவை. யெரூன் நவைன் குழு 2010இல் 1,530 நெதர்லாந்துக்காரரை ஆராய்ந்தது. அவர்களில் 974 பேர் விடுமுறைக்குப் போனவர்கள். போகுமுன் அவர்கள் மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். திரும்பிய பின் பெரும்பாலோரிடம் அந்த வேறுபாடு இல்லை. விடுமுறை மிகவும் தளர்வாக இருந்தது என்று சொன்னவர்களிடம் மட்டும் அது சிறிது காலம் நீடித்தது. நிதானமான விடுமுறைக்கு ஆதரவாகக் கிடைத்த நேரடிச் சான்றுகளில் இது முக்கியமானது.

நீளத்தைப் பற்றி அதிகம் மேற்கோள் காட்டப்படுவது ஜெசிகா த புளூம் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வு. சராசரி 23 நாள் விடுப்பில் போன 54 ஊழியர்களிடம் விடுப்புக்கு முன்பும் இடையிலும் பின்பும் கேட்டார்கள். நலம் வேகமாக ஏறி எட்டாம் நாள் உச்சம் தொட்டது. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்துக்குள் பழைய நிலைக்கே இறங்கிவிட்டது. விடுப்பின் நீளத்துக்கும் பலனுக்கும் உள்ள தொடர்பு வலுவற்றதாக இருந்தது. நல்ல உறக்கம், தளர்வு, நேரம் தன் வசம் இருக்கிறது என்ற உணர்வு ஆகியவை நீளத்தைவிட முக்கியமாகத் தெரிந்தன. 'எட்டு நாள் போதும்' என்று இதைச் சுருக்கிச் சொல்லும் பழக்கம் பரவிவிட்டது. 54 பேரின் உச்சத்தைப் பொதுவிதியாக்கும் அந்தச் சுருக்கம் ஆய்வுக்கு நியாயம் செய்வதில்லை.

ஏன் இப்படி என்பதற்குச் சபீனா சொனென்டாகும் சார்லட் ஃபிரிட்சும் 2007இல் தந்த விளக்கம் இன்றும் பயன்படுகிறது. களைப்பு தீர நான்கு வேண்டும் என்றார்கள்: மனம் வேலையை விட்டு விலகுவது, உடம்பும் மனமும் தளர்வது, புதிதாக ஒன்றைக் கைவரப் பெறுவது, தன் நேரத்தைத் தானே முடிவு செய்வது. இந்த நான்கில் கடலும் தென்னையும் இல்லை. அவை கதவைத் திறந்து கொடுக்கலாம், அவ்வளவே. ஒன்றும் செய்யாமல் கிடக்கும் நாட்கள் முதல் இரண்டை நன்றாகத் தருகின்றன, மூன்றாவதை மறந்துவிடுகின்றன. நீண்ட நாள் தங்குபவர்களில் பலர் இரண்டாம் வாரத்திலேயே அலைச்சறுக்கோ சமையலோ உள்ளூர் மொழியோ கற்கப் போவது இதனால்தான் என்று ஊகிக்க இடமுண்டு.

நீண்ட ஆயுளோடு விடுமுறையை இணைக்கும் ஆய்வும் உண்டு. இதய நோய் அபாயமுள்ள 12,338 நடுவயது ஆண்களை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்த அமெரிக்கத் தரவுகளை 2000இல் புரூக்ஸ் கம்பும் கேரன் மாத்யூசும் ஆராய்ந்தார்கள். அடிக்கடி ஆண்டு விடுமுறை எடுத்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. உடல்நலமும் வசதியும் உள்ளவரே விடுமுறைக்கும் போக முடியும் என்பதால் காரணம் எது, விளைவு எது என்ற ஐயம் முற்றிலும் தீரவில்லை. மேலும் இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை வட ஐரோப்பிய, அமெரிக்க ஊழியர்களைப் பற்றியவை.

நாள் நீளுமா, குறுகுமா?

மெதுவான விடுமுறைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் இன்னொன்று, நாட்கள் நீளமாகத் தோன்றும் என்பது. இதில் ஒரு முரண் இருக்கிறது. கிளாடியா ஹாமண்ட் 2012இல் அதை 'விடுமுறைப் புதிர்' என்று விவரித்தார். புதிய அனுபவங்கள் நிறைந்த பயணம் நடக்கும்போது வேகமாக ஓடிவிடும், பிறகு நினைத்தால் நீண்டதாகத் தெரியும். ஒன்றுபோலவே கழியும் நாட்களில் இது தலைகீழாகலாம்: அன்றைய பகல் நீண்டு கிடக்கும், நினைவில் முப்பது நாளும் ஒரே நாளாகச் சுருங்கிவிடும். நினைவு ஓர் அனுபவத்தின் நீளத்தைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை, உச்சத்தையும் முடிவையுமே பிடித்துக்கொள்கிறது என்பது டேனியல் கானமனும் பார்பரா ஃபிரெட்ரிக்சனும் 1993இல் காட்டியது. வாழும்போது கிடைக்கும் இன்பத்தை நாடுபவருக்கு மெதுவான நாள் நல்லது. பின்னால் எண்ணி மகிழ நினைப்பவருக்கு அது போதாமல் போகலாம். எதை விடுமுறையின் பலன் என்று கொள்வது என்பதை ஆய்வு முடிவு செய்ய முடியாது.

இந்த இளைப்பாறுதலில் வெளிச்சம் மட்டும் ஐயமின்றி வெப்பமண்டலத்தின் கொடை. டிசம்பர் லண்டனில் பகல் ஏறத்தாழ எட்டு மணி நேரமே. கொழும்பில் ஆண்டு முழுதும் ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம். இருண்ட காலையிலிருந்து வருபவரின் உடற்கடிகாரத்துக்கு இந்தச் சீரான விடியலும் அந்தியும் பெரிய உதவி.

நாள் நகர்வதை உணர்வதில் கட்டடத்தின் பங்கு குறைவாகவே பேசப்படுகிறது. அது அநீதி. இலங்கைக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா 1948இல் வாங்கிய லுனுகங்க தோட்டத்தை அரை நூற்றாண்டு செதுக்கிக்கொண்டே இருந்தார். 1960களின் இறுதியில் அவர் கட்டிய பெந்தோட்டைக் கடற்கரை ஹோட்டல் வெப்பமண்டல விடுதிகளுக்கு ஓர் இலக்கணமானது. முற்றம், ஆழமான தாழ்வாரம், இறங்கி நிற்கும் ஓட்டுக் கூரை, அறைக்குள் நுழைந்து வெளியேறும் காற்று. வெயில் ஏறும்போது ஒருவர் முற்றத்திலிருந்து தாழ்வாரத்துக்கும், மழை வரும்போது தாழ்வாரத்திலிருந்து உள்ளுக்கும் நகர்ந்தே நாளைக் கழிக்கலாம். திண்ணையும் முற்றமும் வைத்த வீட்டில் வளர்ந்தவருக்கு இது புதிதல்ல. இன்றைய குளிரூட்டிய அறையில் நாள் என்பது திரைச்சீலைக்கு வெளியே எங்கோ நடக்கும் ஒன்று. அங்கே மெதுவாக இருக்கலாம், நாள் மெதுவாக நகர்வதைப் பார்க்க முடியாது.

யாருடைய உழைப்பில்?

அன்டிகுவாவில் பிறந்த ஜமைக்கா கின்கேட் 1988இல் எழுதிய 'ஒரு சிறிய இடம்' இந்த விவாதத்தின் திசையையே மாற்றியது. சலிப்பான வாழ்க்கையிலிருந்து தப்பி வரும் விருந்தாளியைப் போலவே உள்ளூர்க்காரருக்கும் தப்ப ஆசை உண்டு, போக வழிதான் இல்லை என்பதை அவர் கோபத்தோடு சொன்னார். விருந்தாளியின் நிதானம் அறையைப் பெருக்குபவர், சமைப்பவர், இரவுக் காவல் காப்பவர் ஆகியோரின் அவசரத்தின் மேல் நிற்கிறது என்பது இந்தத் தரப்பின் அடிப்படை.

இந்தக் குற்றச்சாட்டைத் தள்ளிவிட முடியாது. மாலத்தீவில் 1972இல் குரும்பா விடுதி திறந்தது முதல் ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்ற ஏற்பாடு வளர்ந்தது. விருந்தாளி மாதம் தங்கினாலும் மாலத்தீவு மக்களின் அன்றாடத்தைக் காணாமலே திரும்பலாம். மக்கள் வாழும் தீவுகளில் விருந்தகங்கள் வந்தது 2009க்குப் பிறகுதான். 2004 சுனாமிக்குப் பின் இலங்கை அரசு கரையோரத்தில் தெற்கே 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் தடை வலயம் அறிவித்தபோது, மீனவர் வீட்டுக்கு ஒரு நீதி, விடுதிக்கு ஒரு நீதியா என்ற கேள்வி எழுந்தது. கரை இளைப்பாறும் இடமாகிவிட்டால், அதையே வேலையிடமாகக் கொண்டவர் எங்கே போவது?

நீண்ட தங்கலை ஆதரிப்பவர்களின் பதிலும் கேட்கத்தக்கது. நான்கு முறை ஒரு வாரம் வருவதைவிட ஒருமுறை ஒரு மாதம் வந்தால் விமானப் புகை குறைவு. ஒரே ஊரில் தங்குபவர் பெட்டிக்கடையிலும் சைக்கிள் கடையிலும் வீட்டோடு சேர்ந்த விருந்தகத்திலும் செலவிடுகிறார். பெயர் சொல்லிப் பேசும் பழக்கம் வருகிறது. இவை உண்மையே. ஆனால் தங்கல் ஒரு கட்டத்தைத் தாண்டும்போது குடியிருப்பாகிறது, வாடகையை ஏற்றுகிறது. 2020இல் பார்படோஸ் பன்னிரண்டு மாத 'வெல்கம் ஸ்டாம்ப்' விசாவைக் கொண்டுவந்தது. 2024இல் தாய்லாந்து ஒருமுறைக்கு 180 நாள் தங்கக்கூடிய ஐந்தாண்டு விசா தொடங்கியது. இத்தகைய விசாவில் மடிக்கணினியோடு வருபவர்களிடம் வேலையை விட்டு விலகுதல் என்ற முதல் நிபந்தனையே இல்லை. கடற்கரையில் இருந்தும் அலுவலகக் கூட்டம் தொடங்கும் நேரத்தை எண்ணிக்கொண்டிருப்பவர் இளைப்பாறுகிறாரா என்பது நியாயமான ஐயம்.

ஊருக்குத் திரும்பும் விடுமுறை

ஆய்வுகள் அதிகம் கவனிக்காத ஒரு வகை உண்டு: டொராண்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் யாழ்ப்பாணத்துக்கு வரும் குடும்பங்கள். பள்ளி விடுமுறையும் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் இருபத்தைந்து நாள் திருவிழாவும் பெரும்பாலும் ஒன்றாகவே வருவதால் பலர் அதை ஒட்டியே வருகிறார்கள். தங்குவது நான்கைந்து வாரம், இடம் வெப்பமண்டலம், கடல் அருகில். ஆனாலும் நாட்கள் மெதுவானவை என்று சொல்ல முடியாது. பூசை, விருந்து, பார்க்க வேண்டிய வீடுகள், காணி உறுதி, கைமாறிய வீட்டின் கதை. போரில் போனவர்களின் நினைவும் கூடவே வரும். கிணற்றடிக் குளியலும் மாமரத்து நிழலும் ஆறுதல் தரும் என்றாலும் அந்த ஆறுதலின் தன்மை வேறு. அதை உறக்கத்தையும் தளர்வையும் கேட்கும் வினாத்தாளில் பிடிப்பது கடினம். நெய்தலின் இரங்கல் இங்கே அதிகம் பொருந்துகிறது.

இதற்கு எதிர்த்திசையில் போகிறவர்களும் உண்டு. மே மாதம் மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கொடைக்கானலுக்கு ஏறும் குடும்பத்துக்குக் குளிரே இளைப்பாறுதல். வெயிலில் வாழ்பவர் மலையையும் பனியில் வாழ்பவர் வெயிலையும் தேடுவதைப் பார்த்தால், ஆற்றுவது எந்தத் தட்பவெப்பமும் அல்ல, அன்றாடத்திலிருந்து உள்ள வேறுபாடு என்ற கருத்து வலுப்பெறுகிறது. அதே வேறுபாடு இரண்டாம் வாரத்தில் பழகிப்போய்விடும் என்பது இந்தக் கருத்தின் பலவீனம்.

தீராதவை

சான்றுகளை எடைபோட்டால் சில தரப்புகள் மெலிகின்றன. வெப்பம் மனிதரின் இயல்பை மந்தமாக்குகிறது என்ற வாதம் வரலாற்றின் முன் நிற்கவில்லை. வெப்பம் நாளின் அமைப்பை மாற்றச் சொல்கிறது என்ற சிறிய உண்மையே அதில் மிஞ்சுகிறது. விடுப்பு நீண்டால் பலன் அதே விகிதத்தில் பெருகும் என்பதற்கும் ஆதாரம் குறைவு. நேரம் தன் கையில் இருப்பதும் மனம் வேலையை விடுவதும் முக்கியம் என்ற தரப்பே இப்போதைக்கு உறுதியானது, அதுவும் வட ஐரோப்பிய, அமெரிக்க அலுவலகங்களில் கிடைத்த தரவின் எல்லைக்குள். விருந்தாளியின் நிதானத்துக்கு ஊழியர் கொடுக்கும் விலையை அந்த அளவுகோல்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. இரண்டையும் சேர்த்து எப்படி எடைபோடுவது என்பது உளவியல் மட்டும் தீர்க்கும் கேள்வி அன்று.

விலை கொடுத்து வாங்காத நிதானமும் இந்த நாடுகளில் உண்டு. பாலியில் ஆண்டுப்பிறப்பான நியெபி அன்று தீ மூட்டுவதில்லை, வேலை இல்லை, பயணம் இல்லை. விமான நிலையமே இருபத்துநான்கு மணி நேரம் மூடப்படுகிறது, விருந்தாளியும் விடுதிக்குள்ளேயே இருக்க வேண்டும். இலங்கையில் சிங்களப் புத்தாண்டின்போது பழைய ஆண்டுக்கும் புதியதுக்கும் இடையிலான சில மணி நேரம் நொனகதய. அப்போது அடுப்பு எரியாது, தொழில் தொடமாட்டார்கள். அது வருவது ஏப்ரல் நடுவில், தென்கரையின் விருந்தாளிக் காலம் முடிந்து தென்மேற்குப் பருவமழைக்கு முந்தைய வாரங்களில். விடுதிகளில் மாதக்கணக்கில் மற்றவர்களின் காலையைத் தயார் செய்தவர்களில் பலர் அப்போதுதான் பேருந்துகளில் நெருக்கியடித்து ஊர் போய்ச் சேர்கிறார்கள். எட்டாம் நாள் உச்சம் அவர்களுக்கும் வருமா, அவர்கள் விடுப்பு எட்டு நாள் வரை நீள்கிறதா என்பவை, இங்கே பேசப்பட்ட எந்த ஆய்வும் கேட்காத கேள்விகள்.